இரும்புக் கட்டிலில் இரண்டு தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓசூரில் அந்த மாடி அறையில், என்னோடு வட்டமாக உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வியாதி. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் எங்கோ ஓர் அடைப்பு. புத்தியை அப்படியே விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் பறித்துக்கொண்டு போய்விட்டது. போன வாரம் நம்மில் ஒருவர் சீப்பின் படத்தைப் பார்த்து வெகு நேரம் யோசித்து 'விளக்கமாறு' என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர்தான் அதிகமாகச் சிரித்தார். அந்த அறைக்கு வெளியே அப்படிச் சிரிக்க நமக்கு இடம் கிடையாது.

எனக்கு ஆரம்பத்தில் ஆமாவும் இல்லையும் இடம் மாறிக்கொண்டன. உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. காபி வேண்டுமா என்று கேட்டால் மனசுக்குள் 'வேண்டாம்' என்பது தெளிவாக இருக்கும். வாய் 'ஆமா' என்று சொல்லிவிடும். வந்த டம்ளரைத் தள்ளிவிடுவேன். மருமகன் என்னைப் பிடிவாதக்காரி என்று முடிவு கட்டினார். கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்ததுதான்.

நமக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு நம் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். அவள் முதல் நாளே சொன்னது உங்களுக்கு நினைவிருக்கலாம். "வாயால வரலைன்னா கையால காட்டுங்க, படமா வரைங்க, மேஜையைத் தட்டுங்க. எல்லாமே பேச்சுதான்." நீங்கள் தலையாட்டினீர்கள். நான் மட்டும் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவள் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கான பதில்தான் இது. பேசும்போது இன்னும் சொல் சிக்கிக்கொள்கிறது. எழுதும்போது அழித்து அழித்து எழுதலாம், யாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.

இந்த வியாதி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அது என் அப்பாவுக்கு வந்தது.

நாங்கள் அப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நீளமாக ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. சாமல்பட்டிப் பக்கம் காட்டு வேலை செய்துகொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. அதில் முதலில் கிளம்பி வந்து கம்பெனி வேலையில் சேர்ந்தவர் அப்பா. பெரிய கம்பெனிகளுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கிற ஒரு நடுத்தரக் கம்பெனி. அப்பா அங்கே பவர் பிரஸ் ஆபரேட்டர். காலால் பெடலை மிதித்தால் மேலேயிருந்து கனத்த இரும்பு இறங்கித் தகட்டை ஒரே அடியில் வெட்டும். வெட்டின துண்டை உள்ளே கையை விட்டு எடுக்க வேண்டும், அடுத்த தகட்டை வைக்க வேண்டும். மிதி, எடு, வை. மிதி, எடு, வை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவ்வளவுதான்.

அந்த அடி தரை வழியாக எங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் நடுவில் சின்ன வளையம் எழும்பி அடங்கும். அதைப் பார்த்து அம்மா, "உங்கப்பா வேலை செய்யறாரு பாரு" என்பாள். எந்தக் கம்பெனி பிரஸ்ஸோ, யாருடைய காலோ, எங்களுக்கு அது அப்பாதான். சாயங்காலம் வரும்போது சட்டையில் மிஷின் எண்ணெய் வாசம் அடிக்கும். கால்சட்டைப் பையில் காட்டன் வேஸ்ட் இருக்கும், எண்ணெய் துடைக்கக் கொடுக்கிற கலர் கலரான நூல் கழிவு. அதைப் பிரித்து என் பொம்மைக்கு முடி வைப்பேன். சிவப்பும் பச்சையும் கலந்த முடியோடு, எண்ணெய் வாசம் அடிக்கிற பொம்மை. அது எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று தெரியவில்லை.

பிரஸ் ஷெட்டில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு கைப்பேச்சு உண்டு. கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்து முறுக்கினால் சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தால் மெயின் சுவிட்சை அணை. அப்பா இந்த மாதிரி சிலதை எனக்கும் அம்மாவுக்கும் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்திருந்தார். வீட்டுக்கார அம்மா நடையில் வருவது தெரிந்தால் நான் மூக்குக்குக் கீழே விரலை முறுக்குவேன். அம்மா முந்தானையைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். விபத்து, ஆபத்து சம்பந்தப்பட்ட சைகை எதையும் அப்பா எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதெல்லாம் வீட்டுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்.

அவருக்குக் காலையில் ஒரு பழக்கம். குளித்துவிட்டு வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "டைமாச்சு, டைமாச்சு" என்று எங்களை விரட்டுவார். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அதைச் சொல்லிக்கொண்டே வலது பக்கமாகச் சரிந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா ஓடி வந்து, "ஏனாய்த்து? ஏனாய்த்து?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். பெங்களூரில் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது வலது கை விழுந்துவிட்டிருந்தது, வலது கால் இழுத்தது. பேச்சில் மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

தண்ணீர் வேண்டுமென்றாலும் டைமாச்சு, முதுகு வலித்தாலும் டைமாச்சு, கோபம் வந்தாலும் டைமாச்சு. சாமல்பட்டியிலிருந்து பார்க்க வந்த உறவுக்காரர்கள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அப்பா அவர்களைப் பார்த்துச் சந்தோஷமாக "டைமாச்சு" என்றார். அவர்கள் முகம் சுண்டிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டார்கள். அம்மா நடை வரைக்கும் பின்னாலேயே ஓடி, "அவரு வாங்கன்னுதாங்க சொல்றாரு, உக்காருங்க" என்று கெஞ்சி அழைத்து வந்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அம்மாவுக்கு வரவில்லை.

வைத்தியம் பலவிதமாக நடந்தது. வீட்டுக்கார அம்மா வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொண்டுவந்து, "நாலிகெ மேல நல்லா தடவும்மா, கொழந்தைக்கே பேச்சு வருது, இவருக்கு வராதா" என்றாள். அப்பாவின் நாக்கு வாரக்கணக்கில் கறுப்பாக இருந்தது. நல்ல டாக்டர் என்று பெயரெடுத்த ஒருவர் வேறு ஒரு வழி சொன்னார். "கை காட்டினதும் எடுத்துக் குடுத்தீங்கன்னா வாய் எதுக்கும்மா வேலை செய்யும்? வாயால கேட்டாத்தான் குடுக்கணும். கையை ஆட்ட விடாதீங்க."

அம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலில் எதிரே உட்காருவாள். அப்பா கம்பெனியின் பழைய இரும்புக் குழாயை வாங்கித் தானே வெல்டிங் வைத்துச் செய்த கட்டில் அது. அவருடைய நல்ல கை, இடது கை, ஏதாவது காட்டத் தூக்கும். அம்மா அதைத் தன் இடது உள்ளங்கையால் மூடி, மெத்தைமேல் அழுத்திப் பிடித்துக்கொள்வாள்.

"கை வேணாங்க. வாயால சொல்லுங்க. சோறு. சோ...று."

அப்பா அவள் உதட்டையே பார்ப்பார். கழுத்து நரம்பு புடைக்கும். "டை...மாச்சு."

"டைமாச்சு இல்லீங்க. சோறு."

சோறு ஆறிப்போகும். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நிற்கும். கடைசியில் அம்மாதான் தோற்றுப்போய் ஊட்டிவிடுவாள். அந்தப் பிடியில் எவ்வளவு பிரியம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

அப்பாவுக்குப் பதிலாக வேலைக்குச் சேர ஊரிலிருந்து சித்தப்பா வந்தார். வீட்டில் ஒருவர் விழுந்தால் அவர் கூடப்பிறந்தவரையோ பிள்ளையையோ எடுத்துக்கொள்கிற பழக்கம் அந்தக் கம்பெனியில் இருந்தது. சித்தப்பாவுக்கு அப்போது மீசை சரியாக முளைக்காத வயது. சாமான் தூக்குகிற ஹெல்பர் வேலை கொடுத்தார்கள். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். தினமும் காலையில் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணா, போய்ட்டு வர்றேன்" என்பார். அப்பா சிரித்துக்கொண்டே "டைமாச்சு, டைமாச்சு" என்பார். நாளெல்லாம் எதற்கும் பொருந்தாத அந்தச் சொல் அந்த ஒரு நிமிஷம் மட்டும் சரியாகப் பொருந்தும். அதைக் கேட்கவே நான் பள்ளிக்கூடம் கிளம்பாமல் நிற்பேன்.

ஆயுதபூஜை வந்தது. அப்பா விழுந்த நாளிலிருந்து அவருடைய பிரஸ் தார்ப்பாய் போர்த்தி ஓரமாகக் கிடந்தது. பூஜை நாளில் ஒரு மிஷின் ஆளில்லாமல் இருப்பது ஆகாது என்று அங்கே ஒரு நினைப்பு. ஷெட்டில் இருந்தவர்கள் அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். யாரோ ஒருவர், "அண்ணன் உக்காந்த எடத்துல தம்பி உக்காரட்டும்" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஹெல்பராக இருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, அப்பாவின் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மேலே இருந்தவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

சித்தப்பா அன்றைக்கு மத்தியானம் பொரிப் பொட்டலமும் வாழைப்பழமுமாக ஓடி வந்தார். நெற்றிச் சந்தனம் காயவில்லை. அம்மா காலில் விழுந்தார், பிறகு கட்டிலுக்கு முன்னால் மண்டி போட்டார்.

"அண்ணா, உன் மிஷின எனக்கே குடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து நான்தான் அதுல."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. இடது கையை முஷ்டியாக மடக்கிக் கட்டிலின் இரும்புக் குழாயில் ஓங்கித் தட்டினார். டம். பிறகு முஷ்டியைத் திறந்து, எதையோ எடுக்கப்போகிற மாதிரி விரல்களை முன்னால் நீட்டினார். நீட்டின வேகத்தில் கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் குழாயில் தட்டினார். டம். தலையைப் பலமாக ஆட்டினார். "டைமாச்சு, டைமாச்சு, டைமாச்சு."

"என்னாண்ணா?" என்றார் சித்தப்பா.

மறுபடியும் முஷ்டி. டம். நீட்டிய விரல்கள். டம்.

அம்மா வந்து வழக்கம்போல அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டாள். "வாயால சொல்லுங்க. என்னா வேணும்? பொரியா?"

அன்றிலிருந்து அந்தத் தட்டல் நிற்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் கேட்டது இரண்டு தட்டு. அதனால் 'இரண்டு' என்று முடிவு செய்தார்கள். அம்மா இரண்டு தலையணை வைத்தாள். இரண்டாவது டம்ளர் டீ கொடுத்தாள், அது சுவரில் போய் விழுந்தது. வீட்டுக்கார அம்மா யோசித்து, "தம்பிய ரெண்டாவது ஷிஃப்டுக்குப் போகச் சொல்றாரு" என்று கண்டுபிடித்தாள். சித்தப்பா அதையும் நம்பி, சூப்பர்வைசரிடம் சொல்லி மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். மத்தியானம் கிளம்பும்போதும் அப்பா தட்டினார். நானும் என் பங்குக்கு எனக்குத் தெரிந்த சைகை எல்லாவற்றையும் அவர் முன்னால் செய்து காட்டினேன். டீ, சூப்பர்வைசர், சுவிட்சை அணை. கழுத்துக்குக் குறுக்கே உள்ளங்கையை இழுத்தபோது மட்டும் அவர் கண் விரிந்தது, வேகமாகத் தலையாட்டினார். அம்மா ஓடிப்போய் லைட்டை அணைத்தாள். அறை இருட்டானதும் அப்பா ஒரு மாதிரிக் குரலில் அழுதார்.

பிறகு ஊரிலிருந்து பார்க்க வந்த பெரியவர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். எல்லோருக்கும் சுலபமாகப் புரிந்த விளக்கம் அதுதான். "தன் எடத்துல வேற ஆளு உக்காந்தா வயிறு எரியத்தானே செய்யும்? தம்பியா இருந்தா என்னா?" சித்தப்பாவின் காதுபடவே சொன்னார்கள். அவர் அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து கட்டிலுக்கு முன்னால் வந்து நிற்பதை விட்டுவிட்டார். அண்ணன் மனசு நோகக் கூடாது என்று, அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கமாகப் போய்விடுவார். அப்பா விழித்துப் பார்ப்பார். ஆணியில் சித்தப்பாவின் சாப்பாட்டுப் பை இருக்காது. அந்தக் காலி ஆணியைப் பார்த்துத் தட்டுவார். டம். கை நீளும். டம்.

கார்த்திகை பிறந்து குளிர் ஏறியிருந்தது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் நடையில் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முன்பு அப்பாவுக்கு அடுத்த பிரஸ்ஸில் இருந்தவர், ஆடிக்கு முன்னாலேயே அவரை வேறு ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது ஒரு தரம் வந்து பார்த்ததோடு சரி. சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்மாவை அடுப்புப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "மதினி, பதறாதீங்க. உயிருக்கு ஒண்ணுமில்ல. தம்பி கையி மிஷின்ல போயிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கோம்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. பழைய தோழரைப் பார்த்த சந்தோஷத்தில் முஷ்டியை மடக்கினார். டம். விரல்கள் முன்னால் நீண்டன. டம்.

அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். ஒரு தரம்தான் பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்து, தன் இடது உள்ளங்கையை விரித்து, வலது முஷ்டியால் அதில் ஓர் அடி அடித்தார். இடது கை விரல்களை முன்னால் நீட்டினார், அதன்மேல் முஷ்டியை மறுபடி இறக்கினார். இரண்டு கையும் உள்ளவன் செய்தால் அந்தச் சைகை அப்படி இருக்கும். அப்பாவிடம் ஒரு கைதான் இருந்தது.

"டபுள் அடிக்குன்னா சொன்னிய அண்ணாச்சி?" என்று கேட்டார். "இத்தன நாளா அதையா சொல்லிட்டு கெடந்திய?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. விழுந்த நாளிலிருந்து அவர் சொன்னதில் ஒன்று முதல் தடவையாக இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "டைமாச்சு, டைமாச்சு" என்று சிரித்தார். அந்த மனிதரின் தோளை இடது கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். வந்தவரோ தலை குனிந்தபடி எழுந்திருக்கவே இல்லை. அப்புறம்தான் அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அழுவதைப் பார்த்தார். ஆணியில் பை இல்லாததைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் நடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர் பிறகு அம்மாவுக்கு விளக்கினார். அந்த பிரஸ்ஸில் கிளட்ச் தேய்ந்திருந்தது. ஒரு தடவை மிதித்தால் எப்போதாவது தானாகவே இரண்டாவது தடவையும் இறங்கிவிடும். அப்பாவுக்கு அது பழக்கம். முதல் அடி விழுந்ததும் ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் உள்ளே கையை விடுவார். பூஜைக்கு மிஷினை நிறுத்தும்போது பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்களாம். பூஜைக்கு முன்னால் அப்பா விழுந்துவிட்டார். விஷயம் தெரிந்த ஃபிட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார். தார்ப்பாய்க்குக் கீழே எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். சரி செய்திருப்பார்கள் என்று தானும் நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். மறக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் எங்கள் வீட்டில் கட்டிலில் இருந்தார், அவர் கையை நாங்கள் பிடித்து வைத்திருந்தோம்.

சித்தப்பா வலது கையில் பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தார். கட்டை விரலும் அதற்கடுத்த விரலில் பாதியும் மட்டும் மிஞ்சியிருந்தன. கட்டிலுக்கு முன்னால் வெகு நாளைக்குப் பிறகு வந்து நின்றார். சித்தப்பா அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் கட்டின்மேல் வைத்துக்கொண்டார். அப்பா தன் கையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவின் கையை அழுத்திப் பிடிக்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டோடு எதிரே உட்கார்ந்து, "காட்டுங்க, என்னா வேணும்னு கையால காட்டுங்க" என்று கெஞ்சினாள். அப்பா கையைத் தூக்கவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். கால் கொஞ்சம் தேறியது, நடை வரைக்கும் நடந்தார், ஒன்றிரண்டு சொல் கூடத் திரும்பி வந்தது. தட்டுவது மட்டும் திரும்பி வரவில்லை. நடுராத்திரியில் இல்லை, நல்ல பகலில், வேலையாக இருக்கும்போது, எனக்கு இன்றைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். முதல் தட்டு கேட்டதும் இரண்டாவதுக்காகக் காத்திருப்பேன். குக்கர் விசில் ஒன்று வந்து நின்றாலே கைவேலையை அப்படியே விட்டுவிடுவேன். நம் குழுவில் யாராவது மேஜையைத் தட்டும்போது நான் ஏன் பதறுகிறேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

இனி போன வருஷத்துக் கதை. ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பார்க்க வந்தார். கை போன பிறகு ஊருக்கே திரும்பிப் போய், சாமல்பட்டியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டவர். இந்த வயதில் கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, மஞ்சள் பையில் மாம்பழத்தோடு வந்தார். மற்றவர்கள் எல்லாம் எனக்குக் காது போய்விட்டதாக நினைத்துக் கத்திப் பேசினார்கள். நான் சொல்ல வாயெடுத்தால் ஆளுக்கொரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்கள். சித்தப்பா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுச் சும்மா உட்கார்ந்தார்.

நான் கட்டில் சட்டத்தைத் தட்டினேன். மகள் உடனே, "தண்ணியாம்மா? பாத்ரூமா? தலைகாணியா?" என்று எழுந்தாள். சித்தப்பா அந்தக் குறைக் கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"இரு கண்ணு. அதுவே சொல்லட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

நான் தட்டினேன், கையை ஆட்டினேன், தப்புத் தப்பாக ஏதோ சொன்னேன். அவர் என் கண் போகிற பக்கமெல்லாம் தன் கண்ணைக் கொண்டுபோனார். கடைசியில் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வெயில் என் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். "இதானா? வேற ஒண்ணும் இல்லியே? நல்லா யோசிச்சுப் பாரு, வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தார். மகள் கத்தியும் தட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அவள் போனதும் சித்தப்பா குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். இத்தன வருஷமா கேக்க ஆளில்ல. உனக்குத்தான் தெரியும்." கத்தியை எடுத்தார், மறுபடியும் தட்டிலேயே வைத்தார். "வாய்ல வராதது செரி. உள்ள எப்படி இருக்கும்? சொல்ல வேண்டியதும் கலங்கலாத்தான் இருக்குமா? இல்ல, விசயம் முழுசாவே இருக்குமா?"

அவர் கேட்டது என்னைப் பற்றி இல்லை. அண்ணன் எல்லாம் தெரிந்துதான் அந்தக் கட்டிலில் கிடந்தாரா என்று கேட்கிறார். தான் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போன ஒவ்வொரு மத்தியானமும், அந்த மிஷின் இரண்டாவது தடவை இறங்குவதைக் கண் முன்னால் பார்த்துக்கொண்டு அண்ணன் கிடந்தாரா என்று கேட்கிறார்.

பதில் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். சொல்தான் போயிருக்கும், விஷயம் போயிருக்காது. முழுசாக இருக்கும். இதைவிடத் தெளிவாக எப்போதும் இருந்ததில்லை என்கிற அளவுக்கு இருக்கும்.

நான் இல்லை என்று சொல்வதாக முடிவு செய்தேன். கலங்கல்தான் சித்தப்பா, அப்பாவுக்கு ஒன்றும் சரியாகத் தெரிந்திருக்காது. அந்தப் பொய்யை அவருக்குக் கொடுக்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒரு சொல் போதும். மூச்சை இழுத்து, நாக்கை மடக்கி, 'இல்ல' என்பதற்கு வாயைத் தயார் செய்தேன்.

"ஆமா" என்றது வாய்.

தலையை ஆட்டினேன். கையை வீசினேன். திருத்தப் பார்த்தேன். "ஆமா. ஆமா."

சித்தப்பா என் கையைப் பிடித்து அடக்க வரவில்லை. அது ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி கண்ணு" என்றார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

பிறகு கட்டை விரலுக்கும் அந்தப் பாதி விரலுக்கும் நடுவில் கத்தியை இடுக்கி மாம்பழத்தை நறுக்க ஆரம்பித்தார். முதல் துண்டை என் பக்கம் நீட்டினார். என்னை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. நான் வாய் திறக்கும்வரை நீட்டிய கையோடு காத்திருந்தார்.